டிட்மார் பெயர் பொறித்த மூன்று பீப்பாய்கள்

ரோஷால்ட், விஸ்கான்சின்
செப்டம்பர் 9, 1991

அன்புள்ள பேரன் ரோமனுக்குப் பாட்டி ஜட்விகா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நான் சுகம். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் கொலீனும் சுகமா? தொலைபேசியில் நீ சொல்வதில் பாதிதான் என் காதில் விழுகிறது. கடிதமென்றால் இரண்டு முறை படித்துக்கொள்ளலாம்.

முதலில் மற்றப் பேரப்பிள்ளைகளின் செய்தி. மார்சியா செவிலியர் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். வெள்ளைக் காலணிகூட வாங்கியாயிற்று. டெனிஸின் கிடேரிக்குக் கண்காட்சியில் முதல் பரிசு, நீல ரிப்பன். தீவனம்தான் காரணம் என்கிறான் அவன் அப்பன். பிள்ளையின் கைராசி என்கிறேன் நான். சின்னவள் பவுலா ஞாயிறு பூசையில் தனியாகப் பாடினாள். ஓர் இடத்தில் சுருதி நழுவியது. நான் கவனித்ததாக அவளிடம் சொல்லிவிடாதே.

நீ வேலை செய்த டயர் ஆலை மூடிவிட்டது என்பதற்காக உன்னை இந்த வரிசையிலிருந்து விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? அடுப்படியில் நீயே காய்ச்சிய பீரைக் கொண்டுவந்தாயே, அதை நம் பங்குச் சாமியார் இரண்டு கிளாஸ் குடித்தார். மூன்றாவதும் கேட்டார். சூப் வைக்கும் பானையில் காய்ச்சிக் கட்டுப்படியாகவில்லை, பெரிய பாத்திரம் வேண்டும் என்று சொன்னாய் அல்லவா? தாத்தாவின் மதுக்கடையை மூடிய நாளிலிருந்து நிலவறையில் மூன்று எவர்சில்வர் பீப்பாய்கள் கிடக்கின்றன. அவற்றின் மேல் பலகை போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஜாடிகளை வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போ. ஜாடியை இறக்க எனக்கு முதுகு இல்லை.

கொலீனுக்கு என் முத்தங்கள்.
உன் பாட்டி

*

ஓ க்ளேர்
செப்டம்பர் 19, 1991

அன்புள்ள பாட்டி,

இங்கே இருவரும் நலம். உங்கள் முழங்காலுக்குக் கொலீன் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவந்த பீப்பாய்களைக் கழுவி, கொட்டகையில் வரிசையாக நிறுத்திவிட்டேன். மூன்றுமே நசுங்காதவை. ஒன்றில் வெந்நீர், இன்னொன்றில் முளைகட்டி அரைத்த பார்லி ஊறும், மூன்றாவதில் அதன் சாறு கொதிக்கும். படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்தால் பம்பு வேண்டாம், தானாகவே இறங்கிவரும். பழைய இரும்புக் கட்டில் ஒன்றை அறுத்துத் தாங்கி செய்யப்போகிறேன்.

பீப்பாயின் மேல்தட்டை மட்டும் இன்னும் அறுக்கவில்லை. அதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது.

ஒரு கேள்வி பாட்டி. தாத்தாவிடம் இவை எப்படித் தங்கின? கடை மூடும்போது விலைக்கு வாங்கினாரா?

அன்புடன்
ரோமன்

*

ரோஷால்ட்
அக்டோபர் 1, 1991

அன்புள்ள ரோமனுக்கு,

சுகம், சுகமறிய ஆசை. தைலம் வந்தது. முழங்காலுக்குப் பிடித்திருக்கிறது, மூக்குக்குப் பிடிக்கவில்லை.

கட்டிலை அறுப்பதாக எழுதியிருந்தாய். விருந்தாளி வந்தால் எங்கே படுப்பார்? வெந்நீர்ப் பீப்பாய் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதே, நீ அதன் அடியில் நிற்காதே. இந்த ஆண்டு முட்டைக்கோஸ் உள்ளங்கை அகலம்தான், மழை போதவில்லை. மார்சியாவுக்கு இரவு வேலை போட்டிருக்கிறார்கள். சம்பளம் கூட, தூக்கம் குறைவு.

நீ வேறு ஏதோ கேட்டிருந்தாய். பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது நினைவில் இல்லை.

மாதா உன்னைக் காக்க.
பாட்டி

*

ஓ க்ளேர்
நவம்பர் 9, 1991

அன்புள்ள பாட்டி,

ஏழு வாரமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கை மட்டும் ஓயவில்லை.

அடுப்பு தயாராகிவிட்டது! முதலில் பீப்பாயின் தலையில் இருக்கும் அடைப்பை அழுத்தி உள்ளே இருந்த காற்றை வெளியே விட்டேன். அதைச் செய்யாமல் அறுத்தால் மூடி பறந்து முகத்தில் அடிக்கும். இருபது வருடத்துப் பழைய மூச்சு, பாட்டி! கொலீன் கொட்டகையை விட்டே ஓடிவிட்டாள். பிறகு மேல்தட்டை வட்டமாக அறுத்தேன். நான்கு அறுவைத்தகடுகள் ஒடிந்தன. பழைய மாதிரிப் பீப்பாய் என்பதால் வயிற்றில் மரத்தக்கை அடித்த ஓர் ஓட்டை வேறு. என் சிநேகிதன் வால்டர் அதை வெல்டிங் வைத்து அடைத்துக் கொடுத்தான். தூக்கிப்போட்ட வெந்நீர்க் கொதிகலன்களிலிருந்து அடுப்புகள், பீட்சா தட்டில் நூறு துளை போட்டுச் சல்லடை. காய்ச்சி இறக்கியதைச் சீக்கிரம் ஆற்ற வேண்டும். அதற்குத்தான் கடவுள் நமக்குப் பனியைக் கொடுத்திருக்கிறார்.

இப்போது பெரிய செய்தி. ஒரு வேலையாக டிட்மார் பீர் ஆலைக்குப் போயிருந்தேன். என்ன வேலை என்று கேட்காதீர்கள், பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே பீர் காய்ச்சுவதற்குப் பொறுப்பான ஃபென்ஸ்கே என்பவரோடு பேச்சு வளர்ந்தது. அவருக்குக் கீழே ஓர் இடம் காலியாகிறது. ஜனவரியில் என் வீட்டுக்கே வந்து, நான் காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இது கிடைக்காவிட்டால் அரிசோனாவுக்குப் போக வேண்டியதுதான். கொலீனின் அண்ணன் அங்கே கூரை போடும் வேலைக்குக் கூப்பிடுகிறான்.

வேண்டிக்கொள்ளுங்கள்.
ரோமன்

*

ரோஷால்ட்
நவம்பர் 14, 1991

அன்புள்ள ரோமனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி லொரேனிடம் போய் அவளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் பேரன் பேங்கில் வேலை செய்வதைப் பற்றி ஆறு வருடமாகக் கேட்டுவருகிறேன். இன்றைக்கு அவள் கேட்டாள்.

அரிசோனா என்ற பேச்சை இனி எடுக்காதே. அங்கே பாம்பு உண்டு. பேருந்தில் இரண்டு நாள். என் வயதில் அது போய்வருகிற தூரமா?

மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. டிட்மார்தானா? வேறு பீர் ஆலை எதிலும் ஆள் எடுக்கவில்லையா? சும்மாதான் கேட்டேன்.

பூரித்துப்போயிருக்கும்
பாட்டி

*

ரோஷால்ட்
நவம்பர் 16, 1991

அன்புள்ள ரோமனுக்கு,

சுகம். முந்தைய கடிதம் உன்னைச் சேரும் முன்பே இதை எழுதுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, வழக்கம்போல ஊர்க்காரர்களோடு மீன் சாப்பிடப் போயிருந்தேன். எமில் வந்திருந்தான். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, இருபத்தொன்பது வருடம் டிட்மார் லாரி ஓட்டியவன். தாத்தாவின் கடைக்கும் அவன்தான் பீர் இறக்குவான். நான் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா ஜட்விகா, அந்தப் பீப்பால என்ன பேரு பொறிச்சிருக்கு?" என்றான்.

"மீனைத் தின்னு எமில், ஆறிப்போகுது."

"டிட்மார்னுதான இருக்கும்? பீப்பாயை எந்தக் கடைக்காரனுக்கும் விக்க மாட்டாங்க, தெரியுமில்ல? உள்ள இருக்கற பீருதான் நம்முது. பீப்பா எப்பவும் அவங்களுது. லெயோன் அமுக்கிட்டானா? அதையும் அறுத்துப்புட்டு, அவங்க ஆளையே வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கான் ஒம் பேரன்!"

லெயோன் என்று தாத்தாவைத்தான் சொன்னான். நான் மீன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எமில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. ஆனாலும் பீப்பாய்களுக்குப் பச்சைச் சாயம் அடித்துவிடு. கெட்டியாக, இரண்டு பூச்சு. பச்சை பார்வைக்கு நல்ல நிறம்.

பாட்டி

*

ஓ க்ளேர்
டிசம்பர் 8, 1991

அன்புள்ள பாட்டி,

மான் வேட்டைப் பருவத்தில் வால்டரோடு காட்டில் இருந்தேன். வந்து பார்த்தால் உங்கள் கடிதங்கள் இரண்டு. நாங்கள் நலம். மான்களும் நலம், ஒன்றும் அகப்படவில்லை.

பாட்டி, அடியில் தீ எரியும் பாத்திரத்துக்கு யாராவது சாயம் அடிப்பார்களா? முதல் கொதியிலேயே உரிந்துவிடும். வீடெல்லாம் நாறும். மேலும் அந்தப் பெயர் எழுதியதில்லை, எவர்சில்வரில் அழுத்திப் பொறித்தது. பத்துப் பூச்சு அடித்தாலும் விரலால் தடவிப் படிக்கலாம்.

எமில் சொன்னதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். இதற்கு மேல் கடிதத்தில் எழுத முடியவில்லை. என்னை நம்புங்கள்.

ரோமன்

*

ரோஷால்ட்
டிசம்பர் 14, 1991

அன்புள்ள ரோமனுக்கு,

உன்னை நம்புகிறேன். நம்பிக்கை வேறு, சாயம் வேறு.

இத்துடன் ஒரு போர்வை வருகிறது. என் கையால் தைத்தது. அந்த ஃபென்ஸ்கே வரும்போது பீப்பாய்களைச் சுற்றிக் கட்டிவிடு. சூடு ஆறாமல் இருக்க என்று சொல். இல்லாவிட்டால் அவரைக் கொட்டகைப் பக்கமே விடாதே. வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்துப் பீரைக் கொடு. குடிக்கிறவருக்கு அது எதில் காய்ந்தது என்று எதற்குத் தெரிய வேண்டும்?

மினசோட்டாவில் வாங்கினேன் என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் அவராகவே நினைத்துக்கொண்டால் நாம் என்ன செய்ய முடியும்?

எந்தத் தேதி வருகிறார் என்று உடனே எழுது.

பாட்டி

*

கிறிஸ்துமஸ் அட்டை
டிசம்பர் 21, 1991

பாட்டிக்கு இயேசு பாலகனின் ஆசி. போர்வை மிக அழகு. கட்டிலில் விரித்துவிட்டோம். ஃபென்ஸ்கே ஜனவரி 11, சனிக்கிழமை வருகிறார். காய்ச்சலில் படுத்திருக்கிறேன், அதனால் பண்டிகைக்கு வர முடியாது. பயப்பட ஒன்றும் இல்லை.

ரோமனும் கொலீனும்

*

ரோஷால்ட்
ஜனவரி 10, 1992

அன்புள்ள ரோமனுக்கு,

காய்ச்சல் விட்டதா? எனக்கு உடம்பு சுகம். மனதும் நேற்றிலிருந்து சுகம். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. இது உன்னைச் சேரும்போது அந்தச் சனிக்கிழமை கடந்திருக்கும்.

நேற்று டிட்மார் ஆலைக்குப் போனேன். எமில்தான் தன் வண்டியில் கூட்டிப்போனான். வழி அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவனை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஊரே மணக்கிறது அங்கே, அடைசுடும் அடுப்படி மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்:

"யாரைப் பாக்கணும் பாட்டிம்மா?"

"ஃபென்ஸ்கேயை."

"சொல்லிட்டு வந்தீங்களா?"

"சொல்லாம வெச்சிருந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூப்பிடப் போனாள். தாடியும் முழங்கால் வரை வெள்ளை ரப்பர் பூட்ஸுமாக ஒருவர் ஈரக்கையோடு வந்தார். தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று பயம்.

"நான் ரோமனோட பாட்டி. நாளான்னிக்கு அவன் கொட்டகையில உங்க பேரு போட்ட பீப்பா மூணு பாப்பீங்க. அது அவன் தப்பில்ல. அவன் தாத்தா தப்புமில்ல. நான் பண்ணது. வேலை குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா அவனைத் திருடன்னு நெனச்சுடாதீங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அதன் பிறகு, உன்னிடம் இருபது வருடமாகச் சொல்லாததை அந்த அந்நிய மனிதரிடம் சொன்னேன். கடையை மூடிய அன்று காலிப் பீப்பாய்களை எடுக்க எமில் லாரியோடு வந்தான். தாத்தா மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கடை போன துக்கம், கீழே இறங்கவே இல்லை. எனக்கோ நிலவறையில் ஜாடி வைக்க இடம் இல்லை. தரையில் வைத்தால் ஈரம். அந்த மூன்றும் ஒரே உயரம், பலகை போட அளவெடுத்தது மாதிரி இருந்தன. "காலி ஒன்னும் இல்ல எமில்" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை நம்பிச் சீட்டில் எழுதிக்கொண்டு போனான். கொஞ்ச நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருடமும் முட்டைக்கோஸ் விளைந்தது.

தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. எமில் அவர் பெயரைச் சொன்னபோது மீன் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேனே, அதுதான் பீப்பாயை விடப் பெரிய பாவம்.

ஃபென்ஸ்கே தாடியைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"உங்க பேரன் வேற மாதிரி எழுதியிருக்கானேம்மா?"

உன் கையெழுத்து. செப்டம்பர் 23. எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும். அவர் காத்திருந்தார். "எங்கள் நிலவறையில் உங்கள் பெயர் பொறித்த மூன்று பீப்பாய்கள் இருந்தன. தாத்தா திருப்பித்தர மறந்திருக்க வேண்டும், அவர் இப்போது இல்லை. அறுப்பதற்கு முன் கேட்கிறேன். சனிக்கிழமை கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். பாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம். பரிசு கொடுத்த சந்தோஷத்தில் இருக்கிறார்."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டான்" என்றார் அவர். "இந்த மாதிரி பீப்பாயை நாங்க ஒழிச்சே பத்து வருஷமாச்சு. எடுத்துட்டுப் போடான்னு சீட்டு எழுதிக் குடுத்தேன். காணாமப் போன பீப்பா எத்தனையோ இருக்கு. தானா திரும்பி வந்தது இந்த மூணுதான். நான் எதுக்கு அவன் வீட்டுக்குப் போறேன்னு நெனச்சீங்க?"

"அப்ப வேலை குடுப்பீங்களா?"

"பீரைக் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். அது உங்க கையில இல்லம்மா."

நியாயமான மனிதர். கொண்டுபோன முட்டைக்கோஸ் ஜாடியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். லஞ்சம் இல்லை, மரியாதை.

திரும்பும் வழியில் எமிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லெயோன் இல்லை, நான் என்று சொன்னேன். அந்த மூன்றைக் காணோம் என்று அன்றைக்கு அவனுக்குத்தான் திட்டு விழுந்ததாம். பிறகு சொன்னான்:

"அன்னைக்கு லாரியில ஏறும்போது சும்மா ஒரு ஜாடி முட்டைக்கோஸைத் தூக்கிக் குடுத்தியே, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நீ யாருக்குச் சும்மா குடுத்திருக்க?"

அப்போது இருவருமே சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சனிக்கிழமை என்ன ஆயிற்று? ஒரு வரி எழுதினாலும் போதும்.

பாட்டி

*

ஓ க்ளேர்
ஜனவரி 20, 1992

அன்புள்ள பாட்டி,

காய்ச்சல் போய்விட்டது. கொலீனும் சுகம். உங்களைக் காத்திருக்கவைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை கிடைத்துவிட்டது. பிப்ரவரி 3 முதல்.

சனிக்கிழமை காலையிலேயே ஃபென்ஸ்கே வந்தார். கொட்டகையில் ஐந்து மணி நேரம் நின்றார். சல்லடையைத் தட்டிப்பார்த்தார். "யார்ரா இந்த வெல்டிங் வெச்சது? கண்ண மூடிட்டு வெச்சானா?" என்றார். வால்டர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். பிறகு நவம்பரில் காய்ச்சிய பீரை ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்தார், குடித்தார், புருவத்தைச் சுருக்கினார். எனக்குக் கூரை போடும் ஏணியே கண்ணில் தெரிந்தது. அப்புறம் கிளாஸை நீட்டினார்.

"கசப்பு தூக்கல். இன்னும் கொஞ்சம் ஊத்து."

போகும்போது, "உன் பாட்டி வந்திருந்தாங்க" என்றார். "உங்க குடும்பத்துல ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறதுக்குப் பேசாம தந்தி அடிச்சுக்கலாமே?" என்றார். முட்டைக்கோஸ் தீர்ந்துவிட்டதாம்.

பாட்டி, உங்கள் கடிதத்தை அதற்கு அப்புறம்தான் படித்தேன். தாத்தா மேல் பழி போட்டு எழுதிவிட்டேனே என்று நான்கு மாதமாக எனக்கும் உறுத்தல். அவர் இல்லை என்று தெரிந்ததில், வேலை கிடைத்த அளவுக்குச் சந்தோஷம். நீங்கள்தான் என்று தெரிந்ததில் கொலீன் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை.

உங்கள்
ரோமன்

*

ரோஷால்ட்
ஜனவரி 27, 1992

அன்புள்ள ரோமனுக்கு,

சுகமோ சுகம். முழங்கால்கூட இந்த வாரம் வாயைத் திறக்கவில்லை.

உன் கடிதத்தைத் தபால்பெட்டிக்கு அருகிலேயே, பனியில் நின்றபடி படித்தேன். லொரேன் ஜன்னலைத் திறந்து, "என்னாச்சு ஜட்விகா, யாருக்கு என்ன?" என்று கத்தினாள். "ஒன்னும் ஆகல, ஒன்னுமே ஆகல!" என்று நானும் கத்தினேன். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டுப் பிராந்தி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு பேரும் குடித்தோம். அவள் பேரனுக்கு பேங்கில் பதவி உயர்ந்திருக்கிறதாம். உயரட்டும், நல்ல பையன்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடும் இடத்தில், எல்லார் காதிலும் விழும்படி எமிலிடம் மறுபடியும் சொன்னேன். லெயோன் ஒரு பீப்பாயும் எடுத்ததில்லை, எடுத்தது நான். எமில் எழுந்து நின்று, "கேட்டுக்குங்கப்பா! இருபது வருஷமா நான் கணக்குத் தெரியாதவன்னு சொன்னீங்களே!" என்றான். அவன் தட்டுக்கும் நானே பணம் கொடுத்தேன்.

கொலீனின் அண்ணனுக்கு அரிசோனா வேண்டாம் என்று எழுதிவிட்டீர்களா? எழுதாவிட்டால் இன்றே எழுதச் சொல். மனிதர் காத்துக்கொண்டிருப்பார்.

இனிமேல் நான் தூங்கமாட்டேன் என்று பயந்து எதையும் என்னிடம் மறைக்காதே. சொல்லாமல் விட்டால்தான் தூக்கம் போகிறது. எனக்கும் அது பொருந்தும் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. பீப்பாய்ப் படம் வேண்டாம், அவற்றை எனக்குத் தெரியும். உன் படம்தான் வேண்டும். டிட்மார் வாசலில் நின்று எடு, முகத்தை மட்டும் எடுக்காமல் கால்வரை எடுக்கச் சொல். அந்த வெள்ளை பூட்ஸ் முழுவதும் தெரிய வேண்டும்.

பெருமையோடு
பாட்டி ஜட்விகா